றோட்டின் எந்தக் கரையால் நடப்பது?

விடியப்புறம் 5 மணிக்கு யாழ்ப்பாணத்தில் எந்தப் பெரிய வீதிக்கு வந்தாலும் நடக்கிற ஆட்களைக் காணலாம். நல்லூர்க் கோவிலைச் சுற்றி, கோட்டையடியில், பண்ணைப் பாலத்தில், பலாலி வீதியில், காங்கேசன்துறை வீதியில் என்று எங்கும். பலருக்குச் சீனி வருத்தம் அல்லது பிறஷர், டொக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். சிலர் உடம்பைக் குறைக்க நடக்கிறார்கள், இளம் பொடியள் ஓடுகிறார்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது, ஆகவே இது நல்ல பழக்கம், விடக்கூடாத பழக்கம். ஆனால் இவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று ஒருக்கா வடிவாகப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இடக்கரையால், வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடும் நிற உடுப்போடு, இரண்டு மூன்று பேராகக் கதைத்தபடி போகிறார்கள். பின்னால் என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்கோ முன்னால் ஆள் நிற்பதே கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

இந்த இடக்கரைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்குகிறது. நாங்கள் சைக்கிள்காரர். இடப்பக்கத்தால் போ என்று சின்ன வயதில் சொல்லித் தந்தது சைக்கிளுக்கு, அது சரிதான், சைக்கிளும் ஒரு வாகனம். அதே பாடத்தை நடக்கும்போதும் பிடித்துக்கொண்டோம். அதோடு இன்றைக்கு அறுபது எழுபது வயதில் நடக்கிற தலைமுறை தன் வாழ்வின் நல்ல பகுதியை வாகனம் இல்லாத வீதிகளில் கழித்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருமையாகி, பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. வீதி முழுக்கச் சைக்கிள். அப்போது எந்தக் கரையால் நடந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, குண்டும் குழியுமான றோட்டில் யாரும் கெதியாக ஓட முடியாது. போர் முடிந்த பிறகு கண்டிக்குப் போகும் ஏ9 வீதி திறந்து, பெரிய வீதிகள் ஒவ்வொன்றாகக் காப்பெற் வீதிகளாகின. முன்பு வேகத்தைக் குறைத்து வைத்திருந்த குழிகள் போய்விட்டன. டிப்பரும் தனியார் பஸ்ஸும் 150 சீசீ மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. நடக்கிறவனுக்கு மட்டும் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. நகரத்தை விட்டு வெளியே வந்தால் நடைபாதை என்று ஒன்று அநேகமாக இல்லை, தார் முடிகிற இடத்தில் கொஞ்சம் கிரவல், அதற்கு அப்பால் கான் அல்லது மதில்.

நடைபாதை இல்லாத வீதியில் நடக்கிறவர் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கத்தால் ஓடுவதால், நடப்பவருக்கு அது வலக்கரை. எங்களைப் போலவே இடப்பக்கத்தால் ஓட்டும் பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கோவை இதை நேராகவே சொல்கிறது. 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையிலும், ஊர்மனைக்கு வெளியே நடப்பவர் வாகனம் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தால் போகவேண்டும் என்றுதான் இருக்கிறது. காரணம் சின்னது. முன்னால் வரும் சாரதி தூங்கி வழிகிறாரா, போனைப் பார்க்கிறாரா, கரைக்கு இழுபடுகிறாரா என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தால் ஒரு எட்டு விலத்தலாம். அந்த ஒரு எட்டுக்கு அரைச் செக்கன் போதும். முதுகு காட்டி நடப்பவருக்கு அந்த அரைச் செக்கன் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். ஒரே திசையில் போனால் அடிபடும் வேகம் குறைவுதானே என்று. கணக்குப் பார்ப்போம். நீங்கள் மணிக்கு 5 கிலோமீற்றரில் நடக்கிறீர்கள், வாகனம் 50 இல் வருகிறது. எதிரே வந்தால் 55, பின்னால் வந்தால் 45. இந்த வித்தியாசம் அடிபட்ட பிறகுதான் கணக்கில் வரும், ஆனால் கண்ணால் கண்டு விலத்துவது அடிபடாமலே காப்பாற்றுகிறது. பின்லாந்தில் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, வாகனத்தைப் பார்த்தபடி நடக்கும்போது உயிரிழப்பும் காயமும் ஏற்படுத்தும் பாதசாரி விபத்துகள் சராசரியாக 77 வீதம் குறைவு என்று கண்டது. செலவே இல்லாத ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு பலன் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். கனடா, நோர்வே, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் வாகனம் வலப்பக்கத்தால் ஓடும் நாடுகள். அங்கே வாகனத்தைப் பார்த்து நடப்பது என்றால் இடக்கரை. அதே பழக்கத்தில் இங்கே இடக்கரையால் ஓடப்போனால் முதுகு வாகனத்துக்குத்தான். வீதி கடக்கும்போதும் அவர்களின் தலை தன்பாட்டில் முதலில் இடப்பக்கம் திரும்பும், இங்கே முதல் வாகனம் வருவது வலப்பக்கத்தில் இருந்து. வளர்ந்தவர்கள் ஓரிரு நாளில் பழகிவிடுவார்கள், பிள்ளைகளை மட்டும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, வலக்கரை என்று முடிவெடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. அந்தக் கரைக்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது ஒழுங்கை முகப்பு. உங்கள் கரையில் இருக்கும் ஒழுங்கையில் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்து இடப்பக்கம் திரும்பப் போகிறது என்று வையுங்கள். அவர் பார்க்க வேண்டிய வாகனங்கள் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்து வருகின்றன, ஆகவே அவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். நீங்கள் வருவதோ அவருடைய இடப்பக்கத்தால். வலப்பக்கம் வெளி என்று கண்டதும் தலையைத் திருப்பாமலே முறுக்குவார், அங்கே நீங்கள் நிற்பீர்கள். கொக்குவில், கோண்டாவில் பக்கம் ஐம்பது யார் தூரத்துக்கு ஒரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் ஆள் உயர மதில். ஆகவே ஒவ்வொரு முகப்பிலும் ஒரு கணம் நின்று, வருகிறவர் உங்களைப் பார்த்தாரா என்று அவருடைய கண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகு காலை வையுங்கள். ஓடுகிறவர்களுக்கு நிற்பது எரிச்சலாக இருக்கும், ஆனாலும் நிற்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, முந்தும் வாகனம். உங்களுக்குப் பின்னால் இருந்து வரும் பஸ் இன்னொரு வாகனத்தை முந்தும்போது அது நீங்கள் நடக்கும் வலப்பக்கத்துக்கே வந்துவிடும். வலக்கரையால் போகிறவருக்குப் பின்னால் இருந்து வரக்கூடிய பெரிய ஆபத்து இதுதான், இதைக் கண்ணால் காண முடியாது, காதால்தான் அறியலாம். அதனால்தான் வீதியில் நடக்கும்போது இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம் என்கிறேன். எங்கள் ஊரில் ஹோர்ன் என்பது கோபம் மட்டுமல்ல, "வாறன், கவனம்" என்ற அறிவிப்பும்கூட. அதைக் கேட்காத காதோடு இந்த வீதிகளில் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதற்குச் சமன். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்குப் பிறகு மின்சார ஸ்கூட்டர்கள் வேறு கூடியிருக்கின்றன, அவை கிட்ட வரும்வரை சத்தமே இராது.

மூன்றாவது முடக்கு. வீதி உங்களுக்கு வலப்பக்கமாக வெட்டித் திரும்பும் இடத்தில், நீங்கள் உள்வளைவில் நிற்பீர்கள், எதிரே வருகிறவருக்கு மதிலோ வேலியோ உங்களை மறைக்கும். அப்படியான முடக்குக்கு நல்ல தூரம் முன்பே இடக்கரைக்கு மாறி, முடக்குத் தாண்டியதும் திரும்பி வந்துவிடுங்கள். வலக்கரையில் மதில் தாரோடு ஒட்டி நின்று இடக்கரையில் அகலமான கிரவல் இருந்தாலும் அப்படியே. விலத்த இடமில்லாத கரையில் வாகனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பலன் இல்லை.

இனி இருட்டுக்கு வருவோம், யாழ்ப்பாணத்து நடைக்காரருக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். இங்கே சூரியன் ஆனி மாதத்தில்கூட 5.50 அளவில்தான் எழும்பும், தை கடைசியில் 6.30 தாண்டிவிடும். அதற்கு முந்திய இருபது நிமிடம் அளவில்தான் ஓரளவு வெளிச்சம். ஆகவே 5 மணிக்கு நடக்கப் போகிறவர் வருசம் முழுக்க இருட்டில் நடக்கிறார். பின்னேரமும் அப்படியே, கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே சூரியன் இறங்கி, மைமல் என்று ஒன்று வந்ததும் தெரியாமல் இருண்டுவிடும்.

இருட்டில் நடக்கிற எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. வாகனத்தின் வெளிச்சம் எனக்கு நன்றாகத் தெரிகிறது, ஆகவே சாரதிக்கும் என்னைத் தெரியும் என்று மனம் எண்ணிக்கொள்ளும். பாதசாரிகள் தாங்கள் சாரதிக்குத் தெரியும் தூரத்தை மிகக் கூட்டி எண்ணுகிறார்கள் என்று ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கின்றன. வாகனத்தின் டிம் வெளிச்சத்தில், அதாவது தாழ்த்திப் போட்ட முன் லைற்றில், கறுப்போ கடும் நீலமோ உடுத்தவர் 25, 30 மீற்றர் தூரத்தில்தான் தென்படுவார் என்பது பொதுவான கணக்கு. மணிக்கு 64 கிலோமீற்றரில் வரும் கார் ஒன்று, சாரதி கண்டு பிறேக் பிடித்து நிற்க, உலர்ந்த வீதியில் 36 மீற்றர் வேண்டும். 80 இல் வந்தால் 53 மீற்றர். சாரதி நல்லவராக, கவனமானவராக, சரியான நேரத்தில் பிறேக் பிடித்தவராக இருந்தாலும் அந்தக் கார் உங்களுக்கு முன்னால் நிற்காது. ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு பட்டி உங்கள் உடம்பில் இருந்தால் அதே சாரதி 100 மீற்றருக்கு அப்பாலேயே கண்டுவிடுவார்.

வெள்ளைச் சேர்ட் கறுப்பை விட நல்லது, ஆனால் போதாது. பளபளக்கும் மஞ்சளும் செம்மஞ்சளும் பகலில்தான் வேலை செய்யும், சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அந்த நிறம் ஒளிர்கிறது, இரவில் அதுவும் ஒரு சாதாரண நிறம். இருட்டுக்கு வேண்டியது வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டி, வீதி வேலை செய்கிறவர்கள் போடும் மேலங்கியில் சாம்பல் நிறத்தில் இருக்குமே அதுதான். அதை எங்கே போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. சுவீடன் உளவியலாளர் குன்னார் ஜொஹான்சன் 1973 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார், இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சின்ன ஒளிப்புள்ளிகளை வைத்து நடக்கவிட்டால், பார்ப்பவர்கள் கண நேரத்தில் அது மனிதன் என்று கண்டுகொள்கிறார்கள். நெஞ்சில் ஒரு பட்டி மட்டும் இருந்தால் சாரதிக்கு அது மதவுக் கட்டில் அடித்த பூச்சாகவும் தோன்றலாம். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் இருந்தால் அது மேலும் கீழும் ஆடும், ஆள் நடக்கிறான் என்று மூளைக்கு உடனே பிடிபடும். பின்லாந்தில் இருட்டில் நடப்பவர் இப்படி ஒன்றை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நோர்வேயில் இருந்து வரும் மருமக்களின் புத்தகப் பையில் தொங்குகிற சின்ன வில்லையும் இதுதான், அடுத்த முறை வரும்போது சொக்கலேற்றோடு இதிலும் நாலு கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் விற்கும் ஒட்டுப் பட்டியை வாங்கிச் சப்பாத்தின் குதியிலும், கைத்தடியிலும், ஒரு துண்டு நாடாவில் ஒட்டிக் கணுக்காலிலும் கட்டலாம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். வாகனம் வராத ஒழுங்கையில் இரவில் மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு டிம் லைற்றைப் போடுங்கள். மகனைக் கடும் நிறச் சாரத்தோடு மெல்ல நடந்து போகச் சொல்லி, நீங்கள் சீற்றில் இருந்து பாருங்கள். முதலில் தலையும் தோளும் மறையும், ஏனென்றால் டிம் வெளிச்சம் தாழ்வாகத்தான் அடிக்கும். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் நடக்கும், பிறகு அதுவும் இராது. பிறகு கணுக்காலில் அந்தப் பட்டியைக் கட்டி அனுப்பிப் பாருங்கள்.

ரோச் வைத்திருப்பவர்கள் அதைக் கையை வீசி நடக்கும்போது காலடிக்கு முன்னால் அடித்தபடி போனால் பள்ளமும் தெரியும், சாரதிக்கும் அசைகிற வெளிச்சம் தெரியும். வருகிறவரின் முகத்துக்கு அடிக்க வேண்டாம். எதிரெதிரே இரண்டு வாகனங்கள் உங்களுக்குப் பக்கத்தில் சந்திக்கப் போகின்றன என்று கண்டால் தாரை விட்டு இறங்கி நின்றுவிடுங்கள். இப்போதைய எல்ஈடி லைற்றுகளை டிம் பண்ணாமல் வருபவர் பலர், எதிர் வெளிச்சம் கண்ணில் விழுந்த சாரதிக்குச் சில செக்கனுக்கு நடுவில் நிற்கும் ஆள் தெரியவே மாட்டார். ஒற்றை லைற்றோடு வருவதை மோட்டார் சைக்கிள் என்று எண்ணிக் கரையிலேயே நிற்கவும் வேண்டாம், மற்ற லைற் பழுதான வானாகவும் இருக்கும்.

வெளிச்சம் வந்த பிறகும் கண் கூசும் நேரம் ஒன்று இருக்கிறது. கண்டி வீதியில் அரியாலை தாண்டி நாவற்குழிப் பக்கம் காலையில் போகிற சாரதிக்குச் சூரியன் நேர் முன்னால். பண்ணைப் பாலத்தால் மாலையில் தீவகம் போகிறவருக்கும், மார்கழி தையில் சூரியன் தென்மேற்காக இறங்கும்போது, அப்படியே. உங்கள் நிழல் நீளமாக எந்த வாகனத்தை நோக்கி விழுகிறதோ, அந்தச் சாரதிக்கு நீங்கள் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீதி கடப்பது பற்றி வயதானவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 7 மீற்றர் அகலமான வீதியைச் சாதாரணமாக நடப்பவர் 6 செக்கனில் கடப்பார். மூட்டு வருத்தம் உள்ள அம்மா ஒருவர் செக்கனுக்கு 0.8 மீற்றர் நடந்தால் 9 செக்கன் அளவு. அந்த நேரத்தில் 50 இல் வரும் வாகனம் 120 மீற்றர் வந்துவிடும். ஆகவே அவருக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு விளையாட்டு மைதானத்தின் நீளம் வெளியாக இருக்க வேண்டும், "அந்தா தூரத்தில்தானே வருகுது" என்று இறங்கக்கூடாது. பஸ்ஸில் இருந்து இறங்கினால் அது போகும்வரை நில்லுங்கள், நின்ற பஸ்ஸின் முன்னால் கடப்பவரை முந்தி வருகிறவன் காணவே மாட்டான். பாதசாரிக் கடவையிலும் ஒருவர் மரியாதையாக நிறுத்திவிட்டார் என்பதற்காக நேரே போய்விட வேண்டாம், அவரை விலத்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வரும். நின்ற வாகனத்தின் கரை வரை போய், எட்டிப் பார்த்து, பிறகு மிச்ச வீதியைக் கடவுங்கள்.

மழைக்காலத்தில் தூரக் கணக்கெல்லாம் மாறிவிடும். ஈரத் தாரில் வாகனம் நிற்க இரண்டு மடங்கு தூரம் எடுக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை கரையெல்லாம் வெள்ளம், கான் எது கிரவல் எது என்று தெரியாமல் ஆட்கள் தாருக்கு ஏறுவார்கள், காற்றுக்குச் சாய்த்துப் பிடித்த குடை எதிரே வருவதை மறைக்கும். அந்த மாதங்களில் காலை நடையை வெளிச்சம் வந்த பிறகுக்குத் தள்ளுவதுதான் நல்லது. நாய்களும் ஒரு காரணம், குரைத்து வந்ததும் பயத்தில் வீதி நடுவுக்குப் பாய்கிறவர்களுக்கு நாயை விட வாகனம்தான் ஆபத்து. ஓடாமல், நாயைப் பார்த்தபடி நின்று மெல்ல விலகுங்கள், கைத்தடி உதவும். வாகனத் தொல்லை இல்லை என்று தண்டவாளத்தால் நடப்பவர்களும் இருக்கிறார்கள். 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வருமுன்பு அது வெறும் பாதை, இன்று இல்லை.

ஓடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. மழைத் தண்ணீர் வடிவதற்காக வீதி நடுவில் உயர்ந்து இரு கரைக்கும் சரிந்திருக்கும். ஒரே கரையால் நாள்தோறும் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும், முழங்காலும் இடுப்பும் நோகத் தொடங்கும், அதற்காக நடுவீதிக்குப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதற்குப் பதில் கிழமையில் பாதி நாட்களாவது மைதானத்தில் ஓடுங்கள். ஊர்ப் பாடசாலை மைதானம் இல்லாத இடம் குடாநாட்டில் குறைவு, விடியப்புறம் ஒரு மணித்தியாலம் திறந்துவிட அதிபரிடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் கேட்கலாம். ஆரியகுளத்தைச் சுற்றிய நடைபாதை போன்றவை ஊருக்கு ஊர் வேண்டும் என்று பிரதேச சபைகளிடம் கேட்கவும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. நடப்பவர் பட்டி கட்டிக்கொண்டு போவதால் ஓட்டுபவரின் பொறுப்பு குறைந்துவிடாது. பாதசாரி ஒருவர் காரில் மோதுண்டு இறக்கும் ஆபத்து, வேகம் 50 இல் இருந்து 65 க்கு ஏறும்போது 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர்மனைக்குள் 50 என்ற எல்லையை மதிக்காத ஒவ்வொரு மகனுக்கும் தகப்பன் சொல்லவேண்டிய கணக்கு இது.

கூட்டமாக நடப்பவர்களுக்கு விதி வேறு. இரண்டு மூன்று பேர் என்றால் வலக்கரையால் ஒருவர் பின் ஒருவராக. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை போல நீண்ட வரிசை என்றால் அது ஒரு ஊர்வலம், வாகனம் போகும் திசையிலேயே இடக்கரையால் போக வேண்டும் என்பதே வியன்னா உடன்படிக்கையின் முறை, இரவில் முன்னால் வெள்ளை வெளிச்சமும் கடைசி ஆளிடம் சிவப்பு வெளிச்சமும் வேண்டும் என்று பிரித்தானியக் கோவை சேர்த்துச் சொல்கிறது. கடைசி ஆளுக்குச் சைக்கிளுக்குப் பூட்டும் சின்னச் சிவப்பு லைற் ஒன்றே போதும்.

தனியாகப் போகிறவர்கள், குறிப்பாகச் சீனிக்கு மருந்து எடுப்பவர்கள், பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எடுக்கிற மருந்தும் எழுதிய ஒரு துண்டைச் சட்டைப் பையில் வையுங்கள், போன் பூட்டியிருந்தால் யாரும் திறக்க முடியாது. யாராவது அடிபட்டுக் கிடந்தால் தூக்கி ஓட்டோவில் ஏற்ற அவசரப்பட வேண்டாம், கழுத்திலும் முதுகிலும் அடி இருந்தால் அசைப்பதே கேடு. 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. எந்த வீதி, எந்தச் சந்திக்குக் கிட்ட, பக்கத்தில் என்ன கோவில் அல்லது பாடசாலை என்று சொல்லி, ஒருவரை வீதிக்கரையில் வெளிச்சத்தோடு நிறுத்தி வாகனங்களை மெதுவாக்கச் சொல்லுங்கள்.